நோட்பேடும் வரிமுடிவுக் குறிகளும்

நோட்பேட் என்பது 1985ஆம் ஆண்டு முதல் மைக்ரோசாப்ட் விண்டோசுடன் வழங்கப்படும் எளிய உரைத்திருத்தி ஆகும். பிற இயங்குதளங்களில் உருவான கோப்புகளின் வரிமுடிவை இது 2018 வரை அறியவில்லை. வரியே யாப்பின் அடியாக அமையும் தமிழ்ச் செய்யுளுக்கு இக்குறை பெரிது.

பின்னணி

தொலைதட்டச்சுப் பொறிகளில் அச்சுமுனையை வரித் தொடக்கத்துக்குக் கொண்டுவர ஒரு கட்டளையும், தாளை ஒரு வரி நகர்த்த மற்றொரு கட்டளையும் இருந்தன. ஆஸ்கி குறிமுறையில் இவற்றின் எண்கள் முறையே 13, 10. டாசும் விண்டோசும் இரண்டையும் சேர்த்து இடுகின்றன. யுனிக்சும் லினக்சும் 10ஐ மட்டும் இடுகின்றன. பழைய மாக் கணினிகள் 13ஐ மட்டும் இட்டன; 2001இல் வெளிவந்த மாக் ஓஎஸ் எக்ஸ் யுனிக்சு முறைக்கு மாறியது.

குறை

பழைய நோட்பேட், இரண்டும் இணைந்த குறியை மட்டுமே வரிமுடிவாக ஏற்றது. லினக்சில் சேமித்த திருக்குறள் கோப்பை அதில் திறந்தால் 1330 குறட்பாக்களும் அடி பிரியாமல் தொடர்ந்து ஓடும். நாற்சீரடி எங்கே முடிந்தது, முச்சீரடி எங்கே தொடங்கியது என்பது தெரியாது. ஓர் அடியின் ஈற்றுச்சொல் அடுத்த அடியின் முதற்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். சொற்களைச் சேர்த்தெழுதும் வழக்கமுள்ள தமிழில் இது இயல்பான புணர்ச்சிபோல் தோன்றி, மெய்ப்பு பார்ப்பவரின் கண்ணுக்குத் தப்பக்கூடும்.

இந்நிலையில் கோப்பில் பிழை இல்லை; ஆனால் பிழை இருப்பதாகவே பயனருக்குத் தோன்றும். அவர் ஒவ்வோர் அடியிலும் என்டர் விசையை அழுத்திச் சரிசெய்தால், மறைந்திருக்கும் 10 அப்படியே இருக்க, 13உம் 10உம் புதிதாகச் சேரும். லினக்சில் திறப்பவருக்கு அடிகளுக்கு இடையே வெற்று வரிகள் தெரியும். பாடல்களைப் பிரிக்கும் வெற்று வரி எது, திருத்தத்தால் வந்தது எது என்ற குழப்பம் அப்போது உண்டாகும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ மின்பதிப்பு முயற்சிகளில் தட்டச்சு செய்பவர் ஒருவர், மெய்ப்பு பார்ப்பவர் வேறொருவர் என்பதால் இத்தகைய குழப்பத்தைத் தவிர்ப்பது முக்கியம்.

2018 மாற்றம்

மூவகைக் குறிகளையும் நோட்பேட் ஏற்கும் என்று 2018 மே மாதம் மைக்ரோசாப்ட் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில் இது நடைமுறைக்கு வந்தது. திறந்த கோப்பின் முறையை நோட்பேட் மாற்றாமல் காக்கிறது. நிலைப்பட்டையில் அம்முறையைக் காட்டவும் செய்கிறது.

மதிப்பீடு

மாற்றம் சரியானது, ஆனால் 33 ஆண்டுகள் தாமதமானது. தொழில்நுட்பச் சிக்கலைக் காரணமாகக் கூற இயலாது. அதே நிறுவனத்தின் வேர்ட்பேட் யுனிக்சு கோப்புகளை முன்பே சரியாகக் காட்டியது. 2003இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருளான நோட்பேட்++ ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியும் தருகிறது. அம்மாற்றும் வசதி 2018 மாற்றத்தில் இடம்பெறவில்லை.

குறை விண்டோசின் பக்கம் மட்டும் இல்லை. விண்டோஸ் முறையில் சேமித்த கட்டளைநிரல், மிகுதியாக உள்ள 13 என்னும் ஒரு குறியால் லினக்சில் இயங்காமல் போகிறது. எம்முறையையும் படிப்பது, கேளாமல் மாற்றாதிருப்பது, எம்முறை என்று காட்டுவது ஆகிய மூன்றும் உரைத்திருத்தியின் அடிப்படைக் கடமைகள். மாற்றித் தரும் வசதியும் சேர்ந்தால்தான் செய்யுளின் அடி கணினிக்குக் கணினி சிதையாமல் செல்லும்.