தபால்தலைக்கும் உருமிக்கும் நடுவில்: நம் பொழுதுபோக்குக் கட்டுரைகள் பற்றி ஒரு விமர்சனம்

எஸ்.பி.எம். தமிழ்மொழித் தாளுக்குத் தயாராகும் எந்த மாணவரிடமும் 'பொழுதுபோக்கின் நன்மைகள்' என்ற தலைப்பைக் கொடுத்துப் பாருங்க. அரை மணி நேரத்தில் கட்டுரை வந்துவிடும். முன்னுரையில் பொழுதுபோக்குக்கு ஒரு விளக்கம். அடுத்த பத்தியில் அறிவு வளரும். அதற்கடுத்ததில் மன உளைச்சல் தீரும். பிறகு நட்பு பெருகும், வருமானம் கிடைக்கும். முடிவுரை 'ஆகவே' என்று தொடங்கும். எழுத்துப் பிழையும் சந்திப் பிழையும் இல்லாவிட்டால் புள்ளியும் ஓரளவு வந்துவிடும்.

இந்தக் கட்டுரைக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கலாம். 'தபால்தலை சேகரித்தல்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'மீன் பிடித்தல்' என்று மாற்றிப் போடுங்கள். கட்டுரை அப்படியே நிற்கும், ஒரு வாக்கியம்கூட இடறாது. பொருளை மாற்றினாலும் மாறாத கட்டுரை, அந்தப் பொருளைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த வார்ப்பில் அண்மைக் காலமாகப் புதிதாக ஒரு பத்தியும் சேர்ந்திருக்கிறது. யாரும் செய்யாத பொழுதுபோக்கு ஒன்றைத் தேர்ந்தெடு, தன்னம்பிக்கை கூடும், ரெசுமேயில் தனித்துத் தெரிவாய், வேலை கிடைக்கும் என்பது அதன் சாரம். மாணவர்களை இது ஈர்ப்பதில் வியப்பில்லை. யு.பி.யு. வழிப் பொதுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் போகிறது. அந்தப் பத்துக்காகச் சான்றிதழ் சேர்க்கிற பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உண்டு. வேலை என்று வந்தால், பினாங்குப் பிள்ளைகள் பலர் முதலில் பார்ப்பது 1972 முதல் இயங்கிவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையைத்தான். ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணோடு பலர் வரிசையில் நிற்கும்போது, 'நான் வேறு' என்று காட்ட ஏதாவது வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

அந்த ஆலோசனையில் பாதி உண்மை இருக்கிறது. பயிற்சி தேவைப்படுகிற ஒன்றைத் தொடர்ந்து செய்பவருக்குத் தன்னம்பிக்கை வரும். நேர்முகத் தேர்வில் பேச ஒரு பொருளும் கிடைக்கும். பிழையான பாதி எது என்றால், அந்த நம்பிக்கை 'யாரும் செய்யாதது' என்பதால் வருகிறது என்று நினைப்பது. நேர்முகத் தேர்வில் முதல் கேள்வி, 'என்ன பொழுதுபோக்கு?' அதற்கு வித்தியாசமான பெயர் ஒன்றைச் சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவது கேள்வி, 'அதில் உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?' அங்கேதான் வேஷம் கலையும். உண்மையாகச் செய்தவர் தாம் பட்ட பாட்டைச் சொல்வார். ரெசுமேக்காகத் தேர்ந்தெடுத்தவர் மறுபடியும் நன்மைகளைப் பட்டியலிடுவார், நம் கட்டுரையைப் போலவே.

நம் நாட்டிலேயே நல்ல சான்று ஒன்று இருக்கிறது. முத்து நெடுமாறன் 1980களில் கணினித் திரையில் தமிழ் எழுத்தைக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். அன்றைக்கு வேலை விளம்பரங்கள் கேட்ட தகுதி அல்ல அது. அந்த ஆர்வம் 'முரசு அஞ்சல்' மென்பொருளாக வளர்ந்தது. 2005இல் கைப்பேசிக்கு 'செல்லினம்' வந்தது. ஆப்பிள் கணினிகளில் உள்ள 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடித்ததே. அவருடைய தந்தை முரசு நெடுமாறன் ஆசிரியர், கவிஞர், மலேசியத் தமிழ்க் கவிதைகளைப் பெருந்தொகுப்பாகத் திரட்டியவர். வீட்டில் தமிழ், கையில் கணினி. இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு தேவை இருந்தது. அந்தத் தேவையைக் கண்டுகொண்டதுதான் இங்கே முக்கியமே தவிர, வித்தியாசமாகத் தெரிந்தது அல்ல.

ஆனால் இந்தச் சான்றைக் கட்டுரையில் அப்படியே ஒட்டினால் பழைய தவறுதான் திரும்பும். 'அவர் போல நாமும் உயரலாம்' என்று முடித்துவிட்டால், வென்ற ஒருவரைக் காட்டி எல்லாரும் வெல்வார்கள் என்று சொன்னது போல ஆகும். பக்கத்திலேயே இன்னொரு சான்றையும் வைக்க வேண்டும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், சட்டம் படித்தவர். பறவைகளையும் விலங்குகளையும் பார்ப்பது, படமெடுப்பது, வரைவது, எழுதுவது என்றே வாழ்ந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். 46 ஆண்டுகள். பத்மஸ்ரீயும் கிடைத்தது. இவருடைய ஆர்வம் மாதச் சம்பளமும் பதவி உயர்வும் உள்ள உத்தியோகத்துக்கு ஏணியாக அமையவில்லை. ஆர்வம் வேலையாகவும் மாறலாம், வேலைக்கு வெளியேயும் நிற்கலாம். இரண்டையும் எடைபோடும் கட்டுரையைத்தான் 'கருத்து விளக்கம்' என்று சொல்ல முடியும்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். தபால்தலை சேகரிப்பதாக எழுதுகிற படிவம் ஐந்து மாணவர்களில் எத்தனை பேர் கடைசியாகத் தபால்தலை ஒட்டினார்கள்? அதே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன் உருமி மேளக் குழுவில் வாசிப்பான். ஒருத்தி சிலம்பம் சுற்றுவாள். ஒருவன் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துச் சேர்ப்பான். ஒருத்தி பாட்டியிடம் பூக்கட்டக் கற்று, திருவிழாக் காலத்தில் லிட்டல் இந்தியாவில் கடை போடும் அத்தைக்கு உதவுவாள். இவை ஒன்றும் கட்டுரையில் வருவதில்லை. 'கட்டுரைக்கு ஏற்ற பொழுதுபோக்கு' என்று ஒரு பட்டியல் அவர்கள் மனத்தில் இருக்கிறது. நூல் வாசித்தல், தோட்டம் போடுதல், தபால்தலை, நாணயம். அந்தப் பட்டியல் மாதிரிக் கட்டுரைகள் வழியாகவும் நம் பாராட்டுகள் வழியாகவும் உருவானது.

உருமியையே எடுத்துக்கொள்வோம். பேரைச் சொன்னதும் சிலர் முகம் சுளிப்பார்கள். சத்தம், கோயில் ஊர்வலத்தில் சினிமா மெட்டு, நேரங்கெட்ட நேரத்தில் ஒத்திகை என்று குறை சொல்வார்கள். குறைகளில் நியாயமும் உண்டு. அதற்காக அதில் உள்ள பயிற்சி இல்லை என்று ஆகிவிடாது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசி, மறுமுகத்தைக் குச்சியால் அடித்து வாசிக்கிற கருவி அது. உரசலில் அந்த உறுமல் ஒலி வரவே பல நாள் பிடிக்கும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவரோடு நடந்துகொண்டே தாளம் பிசகாமல் வாசிக்க வேண்டும். காவடிக்காரர் தளர்ந்தால் வேகத்தைக் குறைக்கணும், எழுந்தால் கூட்டணும். குழுவை நடத்துகிற பையன் கல்யாண வீட்டாரிடம் கூலி பேசுகிறான், வேன் ஏற்பாடு செய்கிறான், வராதவனுக்கு மாற்று ஆள் தேடுகிறான். முதலாளிகள் கேட்கிற குழுப்பணி, தலைமைத்துவம், நேர நிர்வாகம் எல்லாம் இதில் இருக்கிறது. அந்தப் பையன் மட்டும் அதை அப்படிப் பார்த்ததே இல்லை.

ஒரே கருத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் வகை: 'இசைக்கருவி வாசிப்பது ஒருவரின் தன்னம்பிக்கையை வளர்க்கிறது. மேலும், அது குழு உணர்வையும் மேம்படுத்துகிறது.'

இரண்டாம் வகை: 'உருமிக் குழுவில் ஒருவர் தாளம் தவறினால் பத்துப் பேரும் தடுமாறுவர். ஆகவே தவறியவரைத் திட்டுவதற்கு முன், அவரை மறுபடி தாளத்துக்குள் கொண்டுவரக் குழு பழகுகிறது. இத்தகைய பழக்கமே பின்னாளில் பணியிடத்தில் பிறரோடு இணைந்து செயல்படும் துணிவைத் தருகிறது.'

இரண்டாவதில் கடினச் சொல் எதுவும் இல்லை. கருத்தும் அதே கருத்துதான். ஆனால் உருமியை எடுத்துவிட்டுத் தபால்தலையைப் போட்டால் பத்தி இடிந்துவிடும். முன்பு சொன்ன சோதனையில் இது தேறுகிறது.

'தேர்வில் இப்படிப் புதிதாக எழுதிப் புள்ளி போய்விட்டால்?' என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். வார்ப்பை உடைக்கச் சொல்லவில்லை. முன்னுரை, கருத்துப் பத்திகள், முடிவுரை என்ற கட்டமைப்பு இருக்கட்டும். மொழிநடை எழுத்து வழக்கிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு கருத்துப் பத்தியிலும் அந்தப் பொழுதுபோக்குக்கு மட்டுமே பொருந்தும் ஒரு விவரம் இருந்தால் போதும். கருவியின் பெயர், பழக எடுத்த காலம், முதலில் வராமல் போன ஒன்று, இப்படி ஏதாவது. திருத்துகிற ஆசிரியர் ஒரே மாதிரியான நாற்பது தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆசிரியர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் புள்ளியைவிடப் பெரியது. தன் உண்மையான திறமையை மறைத்துவிட்டு, செய்யாத ஒன்றைச் செய்ததாக எழுதுவதுதான் 'நல்ல கட்டுரை' என்று ஒரு பிள்ளை பதினேழு வயதில் கற்றுக்கொள்கிறது. தமிழில் எழுதுவது என்றால் தன்னைப் பற்றி எழுதாமல் இருப்பது என்றும் முடிவு கட்டிவிடுகிறது. பிறகு நேர்முகத் தேர்வில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்க' என்றால் எங்கிருந்து பேச்சு வரும்?

அடுத்த முறை இந்தத் தலைப்பைக் கொடுப்பதற்கு முன், ஒரு பாடவேளையை ஒதுக்கி மூன்று கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பள்ளி முடிந்தபின் யாரும் சொல்லாமலே நீ செய்வது என்ன? அதில் உனக்கு இன்னும் வராதது எது? உன்னிடம் அதைக் கற்றுக்கொள்ள வருபவருக்கு முதல் நாள் என்ன சொல்லிக் கொடுப்பாய்? பதில்கள் பேச்சு வழக்கில் வந்தால் திருத்த வேண்டாம், அப்படியே வாங்கி வையுங்கள். எழுத்து வழக்குக்கு மாற்றுவதை அடுத்த பாடத்தில் செய்துகொள்ளலாம்.