காரைக்கால் பேயும் ஹெகலின் அளவுகோலும்

ஆனித் திங்கள் முழுநிலா நாளையொட்டிக் காரைக்கால் தெருக்களில் மாங்கனிகள் மழையெனப் பொழிகின்றன. பிச்சாடனர் உலா வருகையில் மாடிகளிலிருந்து மக்கள் கனிகளை இறைக்கின்றனர்; கீழே நிற்போர் சேலைத் தலைப்பையும் துண்டையும் விரித்து ஏந்துகின்றனர். எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் இப்பகுதியில் வாழும் நமக்கு இக்காட்சி புதிதன்று. ஆயினும் அதைக் குறித்த ஒரு கேள்வியை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். அந்தக் கனி எதையோ சுட்டிக்காட்டிவிட்டு விலகிக்கொள்ளும் வெறும் அடையாளமா? அல்லது சுட்டப்படும் பொருளே அக்கனியில் தங்கியிருக்கிறதா?

இருநூறு ஆண்டுகளுக்கு முன் செருமானிய மெய்யியலாரை அலைக்கழித்த கேள்வியும் இதுவே. கருத்துமுதல்வாதிகள் என்று பெயரிட்டு நாம் ஒதுக்கிவிடும் அச்சிந்தனையாளர்கள் கண்முன் உள்ள உலகை மறந்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியன்று. காண இயலாததை மனிதன் எவ்வாறு காண்கிறான் என்பதே அவர்களது தீராத வினா. கற்பனைக்கும் குறியீட்டுக்கும் அவர்கள் அளித்த உயரிய இடம் அவ்வினாவிலிருந்து பிறந்தது. அவர்களுள் தலைசிறந்தவரான ஹெகல், நம் நாட்டுக் குறியீடுகளின்மீது கடுமையானதொரு தீர்ப்பையும் வழங்கிச் சென்றார். அத்தீர்ப்பைக் காரைக்கால் அம்மையாரின் பாடல்களுக்கு முன் நிறுத்திப் பார்க்க விழைகிறோம்.

அதற்கு முன், அவர்களுக்கு வாயில் திறந்த இம்மானுவேல் காண்ட் கூறியதை நினைவிற்கொள்வோம். தீர்ப்பாற்றல் பற்றி 1790-இல் அவர் வெளியிட்ட திறனாய்வு நூலில் எளியதோர் எடுத்துக்காட்டு வருகிறது. ஒருவனது தனிவிருப்பம் ஆளும் கொடுங்கோல் அரசைக் கையால் சுற்றும் திரிகைக்கு ஒப்பிடலாம் என்கிறார். அரசும் திரிகையும் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. அவை இயங்கும் முறையை நாம் எண்ணிப்பார்க்கும் விதத்தில்தான் ஒற்றுமை இருக்கிறது. குறியீடு இவ்வாறே செயற்படுகிறது. இதே இடத்தில் காண்ட் மற்றொன்றையும் கூறுகிறார்: இறைவனைப் பற்றிய நம் அறிவு முழுவதும் குறியீட்டு அறிவே. அதை மறந்து, குறியீட்டை நேரடி அறிவாகக் கொள்பவர் இறைவனை மனிதச் சாயலாக்கிவிடுகிறார். குறியீட்டை அறவே நீக்குபவரிடம் உயிரற்ற கருத்தொன்றே எஞ்சுகிறது.

காண்ட் உன்னதம் பற்றி எழுதியதும் இங்கு வேண்டப்படுவதே. அளவிறந்ததொன்றை எதிர்கொள்ளும் கற்பனை அதைப் பற்ற முயன்று தோற்கிறது. அத்தோல்வியே, புலன்களுக்கு அப்பாற்பட்டதற்கு நாம் உரியவர்கள் என்பதை நமக்கு உணர்த்துகிறது. கற்பனையின் தோல்வியிலும் ஒரு வெளிப்பாடு உண்டு என்பது இதன் பொருள்.

காண்டுக்குப் பின் வந்த பிக்டே, எல்லைக்கும் எல்லையின்மைக்கும் இடையே ஊசலாடும் ஆற்றலாகக் கற்பனையைக் கண்டார். ஷெல்லிங் இன்னும் ஒரு படி முன்சென்றார். கற்பனையைக் குறிக்கும் செருமானியச் சொல்லிலேயே 'ஒன்றாக உருவாக்குதல்' என்னும் பொருள் பொதிந்திருப்பதாக அவர் தம் கலை மெய்யியல் விரிவுரைகளில் விளக்கினார். தனியொன்று பொதுவானதைச் சுட்டி நின்றால் அது உருவகம்; தனியொன்றும் பொதுவானதும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றானால் அதுவே குறியீடு என்பது அவர் கண்ட வேறுபாடு.

சேக்கிழார் கூறும் மாங்கனி நிகழ்ச்சியை இந்த ஒளியில் படித்துப் பார்க்கலாம். கணவன் அனுப்பிய இரு கனிகளுள் ஒன்றைப் புனிதவதியார் அடியவர்க்குப் படைக்கிறார். எஞ்சியதை உண்ட கணவன் மற்றதையும் கேட்க, அவர் இறைவனை வேண்டிப் பெற்றுத் தருகிறார். அதன் சுவை வேறாக இருக்கவே கணவன் வினவுகிறான்; உண்மையை அறிந்த பின் இன்னொன்றைப் பெற்றுத் தருமாறு கேட்கிறான். மீண்டும் வந்த கனியோ அவன் கைக்கு வந்ததும் மறைந்துவிடுகிறது. இந்தக் கனி அருளைச் சுட்டுகிறது என்று சொல்லிவிட்டால் கதை சுருங்கிப்போகும். கனியே அருள், ஆகையால் சோதிக்க நீண்ட கையில் அது தங்குவதில்லை. ஷெல்லிங் சொன்ன குறியீட்டுக்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டுவதில்லை.

இனி ஹெகலிடம் வருவோம். 1831-இல் அவர் மறைந்த பின், அவருடைய மாணவர் ஹோத்தோ 1835 முதல் 1838 வரை பதிப்பித்து வெளியிட்ட அழகியல் விரிவுரைகளில் கலை வரலாறு மூன்று நிலைகளாகப் பகுக்கப்படுகிறது. முதலாவது, கருத்து தனக்குரிய உருவத்தைத் தேடித் தவிக்கும் குறியீட்டுக் கலை. இரண்டாவது, கருத்தும் உருவமும் முழுமையாகப் பொருந்திய கிரேக்கச் செவ்வியற்கலை. மூன்றாவது, ஆன்மாவின் அகநிலை புற உருவத்தைக் கடந்துவிடும் கிறித்தவ காலத்து ரொமாண்டிக் கலை. இந்தியாவுக்கு அவர் அளித்த இடம் முதல் நிலையில், அதுவும் தொடக்கப் படிகளில். இங்குள்ள கற்பனை, கருத்துக்கும் உருவத்துக்கும் உள்ள பிளவைத் தெளிவாக உணராமல், கைகளையும் தலைகளையும் பெருக்கி, அளவை மிகுத்து அப்பிளவை மூட முயல்கிறது என்பது அவரது குற்றச்சாட்டு.

மேலோட்டமாக நோக்கினால், காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனியே இதற்குச் சான்று போலத் தோன்றும்: வற்றிய உடல், தெரியும் எலும்புகள், கையில் தாளம். ஆனால் பாடல்களைப் படித்தவர் இம்முடிவுக்கு உடன்பட இயலாது. அதற்கு மூன்று காரணங்களைக் கூறுவோம்.

முதலாவதாக, இங்கே கற்பனை எதையும் பெருக்கவில்லை, குறைக்கிறது. கணவனுக்காகத் தாங்கிய தசை இனி வேண்டாமென்று அவர் உதறிவிட்டதாகச் சேக்கிழார் கூறுகிறார். அழகை அறியாமல் வந்த உருக்கேடு அன்று இது. அழகை அறிந்து துறந்த உருவம்.

இரண்டாவதாக, கருத்துக்கும் உருவத்துக்கும் இடையிலான பிளவை அம்மையார் நன்கு அறிந்திருக்கிறார். நூற்றொரு வெண்பாக்கள் கொண்ட அற்புதத் திருவந்தாதியில், திருவுருவைக் காணாமலே ஆட்பட்டதாகவும், இன்றும் கண்டிலேன் என்றும் கூறி, உம் பிரானின் உருவம் யாதென்று கேட்போர்க்கு என்ன சொல்வேன் என இறைவனையே வினவுகிறார். அதே நூலில் பிறையும் பாம்பும் நீறும் மீண்டும் மீண்டும் வருகின்றன. குறியீடுகளைக் கைவிடாமலும் அவற்றை முழு உண்மையென மயங்காமலும் நிற்கும் நிலை இது. காண்ட் பின்னாளில் சுட்டிய இரு தவறுகளுக்கும் நடுவே செல்லும் பாதையில், ஆறாம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கருதப்படும் இப்பெண்மணி முன்னரே நடந்துவிட்டார்.

மூன்றாவதாக, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் அவர் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்று குறித்துக்கொள்கிறார். சுடுகாட்டில் நரம்பெழுந்து வயிறு குழிந்து அலையும் பேய்களை விரித்துரைத்து, அவற்றுள் ஒன்றாகத் தம்மையும் வைக்கிறார். பெயரும் ஊரும் கொண்ட ஓர் அகம் இங்கே பேசுகிறது. அகநிலையின் விழிப்பை ரொமாண்டிக் கலைக்கே சிறப்பாக உரிமையாக்கிய ஹெகல் இக்குரலுக்கு என்ன விடை தருவார்?

இவ்விடத்தில்தான் அவரது அளவுகோல் தன்னோடு தானே முரண்படுகிறது. முள்முடி சூடி, சிலுவை சுமந்து, மெல்ல உயிர்விடும் கிறிஸ்துவைக் கிரேக்க அழகின் வடிவங்களில் காட்ட இயலாது என்று இதே விரிவுரைகளில் அவர் எழுதுகிறார். அங்கே சிதைந்த உடல் ஆன்மாவின் ஆழத்துக்குச் சான்று. இங்கே சிதைந்த உடல் முதிராத கற்பனைக்குச் சான்று. பாடுபட்ட உடலின்முன் மண்டியிடும் நாம் இந்த இரட்டை அளவையைக் கண்டும் காணாமல் போகலாகாது. அதற்காக அம்மையாரைப் பெயர்த்தெடுத்து மூன்றாம் நிலையில் குடியேற்றுவதும் முறையன்று. அவர் பாடியது ஆலங்காட்டில் ஆடும் சிவனை. மாறவேண்டியது அந்த ஏணியே.

ஹெகலின் பிழைக்கு அவரது கூர்மைக்குறைவு காரணமன்று. இந்தியாவைப் பற்றி அவர் எடுத்தாளும் இலக்கியச் சான்றுகள் இராமாயணம், சாகுந்தலம் போன்ற வடமொழி நூல்கள். தமிழ்க் குரல் செருமனியை எட்ட வாய்ப்பே இல்லாமலும் இல்லை. காரைக்காலுக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழரின் தெய்வங்களைப் பற்றிய விரிவான நூலைச் செருமானிய மொழியில் 1713-இல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த சபையினர் அதை அச்சிட விரும்பவில்லை. அவர் பெயரோடு அது நூலாக வெளிவந்தது 1867-இல், சென்னையில்! அம்மையாரின் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. அயலாரின் குறியீட்டை அறிய வேண்டாம் என்று ஒரு தலைமுறை முடிவு செய்தால், அடுத்த தலைமுறையின் பேரறிஞரும் அறியாமல் தீர்ப்புச் சொல்ல நேரிடும் என்பதற்கு இது பாடம்.

எனினும் ஹெகலிடம் நாம் கற்கவேண்டியதும் உண்டு. உட்பொருள் மெலியும்போது புற உருவம் பெருக்கிறது என்ற அவரது எச்சரிக்கை இந்தியாவுக்கு மட்டுமா உரியது? ஆண்டுதோறும் உயரும் அலங்கார வளைவுகளையும் மின்விளக்குத் தேர்களையும் எண்ணிப் பார்க்கும்போது அச்சொல் நம்மையும் சுடுகிறது. காரைக்கால் பேய் நமக்குக் காட்டுவது எதிர்வழி: குறியீடு வலிமை பெறுவது கூட்டுவதால் அன்று, குறைப்பதால்.

அடுத்த ஆனியில் கனிகள் மீண்டும் பொழியும். ஏந்தும் கைகளுள் நம் கையும் இருக்கலாம். அப்போது, இதன் பொருள் என்ன என்று கேட்பதற்கு முன், இதை ஏற்கும் தகுதி நம் கைக்கு உண்டா என்று கேட்டுக்கொள்வது நலம்.