ஊர் மறைய மதம் எஞ்சும் பெயர்ப்பு: தமிழ் முஸ்லிம் குடும்ப நாவல்களின் சொல்வழக்கும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

முஸ்லிம் குடும்ப வாழ்வை மையமாகக் கொண்ட தமிழ் நாவல்களின் மொழியைத் திறனாய்வாளர் இரு பெயர்களால் சுட்டி வந்துள்ளனர். ஒரு சாரார் அதனை வட்டார வழக்கு என்பர். மற்றொரு சாரார் இஸ்லாமியத் தமிழ் என்பர். முன்னது ஊரைச் சுட்டுகிறது. பின்னது மதத்தைச் சுட்டுகிறது. இவற்றுள் எதுவும் தனித்து நின்று அம்மொழியை விளக்கப் போதாது. மொழிபெயர்ப்பில் ஊர் மறைந்து மதம் மட்டும் எஞ்சுமாயின், சொல்நயம் குன்றுவதோடு இழப்பு நின்றுவிடுவதில்லை. நாவல் யாரை நோக்கிக் கேள்வி எழுப்புகிறது என்பதே மாறிவிடுகிறது.

இக்கருத்தை நிறுவ இரு நாவல்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988). மற்றொன்று, சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). முன்னதன் களம் விடுதலைக்கு முந்தைய திருவிதாங்கூரின் கடற்கரைச் சிற்றூர். அப்பகுதி 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது. பின்னதன் களம் கடலுக்கு எட்டாத உள்நாட்டுச் சிற்றூர். அதன் ஆசிரியர் திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியைச் சேர்ந்தவர். இரண்டும் சிறுபான்மைச் சமூகம் ஒன்றின் குடும்பத்தையும் ஜமாத்தையும் உள்ளிருந்து நோக்குகின்றன. ஆயினும் இரண்டின் தமிழும் ஒன்றன்று.

2. உறவுமுறைச் சொற்கள்

2.1 தந்தையைக் குறிக்கும் சொல்லிலேயே வேறுபாடு தொடங்குகிறது. மீரானின் நாவலில் தந்தை 'வாப்பா', தாய் 'உம்மா'. சல்மாவின் நாவலில் தந்தை 'அத்தா', தாய் 'அம்மா'. வாப்பா, உம்மா என்னும் இணை கடலோர ஊர்களில் பரவலாக வழங்குவது. கேரள மாப்பிள்ளை முஸ்லிம்களின் வழக்கோடும் தொடர்புடையது. அத்தா என்பது உள்நாட்டில், சிறப்பாக ராவுத்தர் குடும்பங்களில், வழங்குவது. ஆகவே ஒரு பாத்திரம் தந்தையை எவ்வாறு விளிக்கிறது என்பது அவர் முஸ்லிம் என்பதைச் சொல்வதோடு நில்லாமல், எந்தக் கரையினர், எந்தத் தொழில் மரபினர் என்பதையும் குறிப்பால் உணர்த்துகிறது. தாயைக் குறிக்கும் சொல் அதற்கு நேர்மாறான செய்தியைத் தருகிறது. உள்நாட்டு முஸ்லிம் சிறுமி தன் தாயை விளிக்கும் சொல்லும் அடுத்த வீட்டு இந்துச் சிறுமி விளிக்கும் சொல்லும் ஒன்றே. வேறுபாடும் ஒருமையும் ஒரே வீட்டின் இரு விளிகளில் அருகருகே நிற்கின்றன.

2.2 பொதுத்தமிழோடு வடிவில் ஒத்துப் பொருளில் வேறுபடும் சொற்கள் மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் ஏமாற்றவல்லவை. காயல்பட்டினம் முதலிய கடலோர ஊர்களில் 'அப்பா' என்பது பாட்டனைக் குறிக்கும். 'வாப்பா' போன்ற சொல் கண்ணில் பட்டவுடன் மொழிபெயர்ப்பாளர் அகராதியை நாடுவார். 'அப்பா' கண்ணில் பட்டால் நாடமாட்டார்; தந்தை என்றே பெயர்த்துவிடுவார். ஒரு தலைமுறை பிறழ்ந்துபோகும். அயன்மை தோன்றும் சொல்லைவிட அறிமுகமானதாகத் தோன்றும் சொல்லே இவ்வகைப் பனுவல்களில் மிகுந்த விழிப்பை வேண்டுகிறது.

2.3 மண உறவைக் குறிக்கும் சொற்கள் கதையின் அமைப்பையே தாங்குவன. மீரானின் நாவலில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் மகள் ஆயிஷா. முதலாளியின் உடன்பிறந்தாளின் மகன் பரீது. தமிழ் உறவுமுறைப்படி அவன் அவளுக்கு முறையுடையவன். செல்வத்தையும் குடும்பப் பெருமையையும் கருதி முதலாளி அம்முறையை மறுக்கிறார். அந்த மறுப்பே துயரத்தின் வித்து. ஆங்கிலத்தில் 'கசின்' என்னும் ஒரே சொல் பெரியப்பன் மகனையும் அத்தை மகனையும் ஒருசேரக் குறிக்கும். அச்சொல்லால் பெயர்க்கப்படின், இளையோர் இருவரின் விருப்பம் நெருங்கிய உறவினரிடையே முளைத்த காதலாக மட்டுமே தோன்றும். வழங்கவேண்டிய உரிமையொன்று மறுக்கப்பட்டது என்பது தோன்றாது.

இங்கு மேலும் ஒன்று நோக்கத்தக்கது. தந்தையின் உடன்பிறந்தான் மகளை மணப்பதை இஸ்லாமியச் சட்டம் விலக்கவில்லை. அரபு நாடுகள் பலவற்றில் அது விரும்பத்தக்க மணமாகவும் இருந்துவந்துள்ளது. தமிழ் முஸ்லிம்களோ அதனைப் பெரிதும் தவிர்த்து, அத்தை மகன், மாமன் மகள் என்னும் முறையையே போற்றி வந்துள்ளனர். பெரியவாப்பாவின் மகள் தமிழ் உறவுமுறையில் உடன்பிறந்தாளாகவே கருதப்படுவதே காரணம். சட்டம் இசைவதை உறவுமுறைச் சொல் விலக்குகிறது. மதத்தை மட்டும் திறவுகோலாகக் கொள்வோர்க்கு இந்த வீட்டின் கதவு திறவாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

3. வழிபாட்டுச் சொற்களும் இறப்புச் சொற்களும்

மத வாழ்வின் அடிப்படைச் சொற்கள் அரபியாகவே இருக்கும் என்னும் எதிர்பார்ப்பு தமிழைப் பொறுத்தவரை பொய்த்துப்போகிறது. வட இந்திய மொழிகளில் நமாஸ், ரோஜா எனப் பாரசீகச் சொற்கள் வழங்கும் இடத்தில் தமிழில் தொழுகை, நோன்பு என்பனவே வழங்குகின்றன. மசூதி பள்ளியாகவும் பள்ளிவாசலாகவும், திருநாள் பெருநாளாகவும், மறைமொழியைப் படிப்பது ஓதுதலாகவும் நிற்கின்றன. அடுக்களையிலும் இதுவே நிலை. குழம்பைக் குறிக்கும் 'ஆணம்', உண்பதைக் குறிக்கும் 'பசியாறுதல்' ஆகியன தமிழ்ச் சொற்களே. பிறரிடம் அருகி, முஸ்லிம் வீடுகளில் நிலைத்தவை. பிறர் இவற்றை 'முஸ்லிம் சொற்கள்' எனக் கொள்வது சொற்பிறப்பியலின்படி பிழை. சமூக மொழியியலின்படி விளக்கம் வேண்டும் உண்மை.

'பள்ளி' என்னும் சொல் தனிக்கவனம் பெறத்தக்கது. பொதுத்தமிழ் வாசகர் அச்சொல்லைக் கேட்டதும் கல்விக்கூடத்தை நினைப்பர். கடலோரச் சிற்றூராருக்கு அது தொழுமிடம். மீரானின் நாவலிலோ ஆங்கிலக் கல்விக்கூடம் ஊருக்குள் வருவதை முதலாளி எதிர்ப்பதே நடுநாயகமான மோதல். ஒரே வேரிலிருந்து எழுந்த இரு பொருள்கள் ஒரே ஊரில் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. தமிழ் வாசகருக்கு இக்குறிப்பு முயற்சியின்றிக் கிட்டும். பிற மொழிகளில் இரு வேறு சொற்களாகப் பிரிந்துவிடும்.

அரபிச் சொற்கள் பயிலும் இடங்கள் வேறு. இறப்பைக் குறிக்கும் 'மவுத்' இறுதியில் உகரம் பெற்று 'மவுத்து' ஆகிறது. 'ஆகு' என்னும் தமிழ் வினையோடு சேர்ந்து 'மவுத்தானார்' என நிற்கிறது. 'துவாச் செய்', 'சலாம் கொடு' என்பனவும் இவ்வமைப்பினவே. பெயர் அரபி, வினையும் இடைநிலையும் விகுதியும் தமிழ். 'மவுத்தானார்' பெரும்பாலும் தம்மவருக்கே உரியது. அயல்வீட்டு இந்து முதியவர் மறைந்தால் அதே நாவு 'இறந்துபோனார்' என்றே சொல்லும். சிறுபான்மைச் சமூகம் தன் எல்லையை வரைந்துகொள்வது இத்தகைய சிறு தெரிவுகளால்தான். அந்த எல்லையில் பகைமை இல்லை. யார் மறைவுக்கு எந்தச் சடங்கு என்னும் அறிவே உள்ளது. இரு வினைகளையும் ஒரே சொல்லால் பெயர்ப்பவர் அந்த எல்லையை அழித்துவிடுகிறார். முன்னதை மட்டும் அயற்சொல்லாக நிறுத்திச் சாய்வெழுத்தில் அச்சிடுபவரோ எல்லையை மதிலாக்கிவிடுகிறார்.

4. வீட்டின் மொழியும் ஜமாத்தின் மொழியும்

இரு நாவல்களிலும் அதிகாரத்துக்குத் தனி மொழி உண்டு. மீரானின் நாவலில் முதலாளியின் செல்வமும் தங்ஙளின் புனிதப் பெயரும் கைகோத்து நிற்கின்றன. 'தங்ஙள்' என்னும் மதிப்புப்பெயர் மலையாள வழி வந்தது. அரபிச் சொல்லால் அன்றி, மலையாள மதிப்புப்பெயரால் இங்குப் புனிதம் குறிக்கப்படுவதே அவ்வூரின் வரலாறு. சல்மாவின் நாவலில், கணவனற்ற பெண்ணொருத்தி வேற்று மதத்து ஆணோடு ஊரைவிட்டுச் சென்றபின், பெண்கள் திரைப்படம் பார்க்கச் செல்வதை ஜமாத்துத் தடை செய்கிறது. அறிவிப்பு மதத்தின் பெயரால் வருகிறது. காரணம் ஊரின் மானம். ஆண்களின் உறவுகளை அதே ஜமாத்து அவ்வாறு ஆராய்வதில்லை.

ஜமாத்து மதத்தின் பெயரால்தானே பேசுகிறது, ஆகவே நாவல் மதத்தையே விசாரிக்கிறது எனலாகாதா என்னும் வினா எழலாம். ஜமாத்தின் கூற்றை மட்டும் கேட்போருக்கு அவ்வாறு தோன்றும். சல்மாவின் பெண்களோ அதே நோன்பையும் பெருநாளையும் தம் மகிழ்ச்சிக்கு உரியனவாகவும் கொள்கின்றனர். தமக்குள் பேசும்போது ஜமாத்தின் சொற்களைப் பயன்படுத்துவதில்லை. அடுக்களையின் தமிழுக்கும் அறிவிப்பின் தமிழுக்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவே விமர்சனத்தைச் சுமக்கிறது. இருவகைப் பேச்சும் பெயர்ப்பில் ஒரே நடையாகிவிடின், ஓர் ஊரின் ஆண்கள் செய்த முடிவு உலகளாவிய மதமொன்றின் இயல்பாக வாசிக்கப்படும். தம் சமூகத்தை உள்ளிருந்து விசாரித்த எழுத்தாளரின் சொல், வெளியிலிருந்து குற்றம் சாட்டுவோரின் சான்றாக மாறிவிடும்.

5. மொழிபெயர்ப்பின் வழிகள்

கிளைமொழியைப் பெயர்க்க மூன்று வழிகள் கையாளப்படுகின்றன: தரமொழியாக்கல், ஒலிபெயர்த்து அருஞ்சொற்பட்டியல் தருதல், பெறுமொழியின் கிளைமொழி ஒன்றால் ஈடுசெய்தல். மூன்றாவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வைக்கம் முகம்மது பஷீரின் 1951ஆம் ஆண்டு மலையாள நாவலான 'ன்டுப்புப்பாக்கொரானேண்டார்ந்நு'. தமிழ், மலையாளம் இரண்டிலும் வல்லுநரான மொழியியலறிஞர் ஆர். இ. ஆஷர் (1926-2022) அதன் தலைப்பையே 'மி கிராண்டாட் ஆட் அன் எலிஃபண்ட்' என, ஹகர ஒலி கெட்ட ஆங்கிலப் பேச்சுவழக்கில் தந்தார். அந்நாவலில் பேச்சுமொழி வெறும் வண்ணமன்று. குஞ்ஞுபாத்தும்மா கல்வி பெறுவதும் அவள் சொற்கள் திருத்தப்படுவதும் கதையின் பகுதி. ஆகவே திருந்தாத வடிவம் ஒன்று பெறுமொழியிலும் இருந்தே ஆகவேண்டும். ஆஷரின் தெரிவு இவ்வகையில் சரியானது. அதன் விலையும் தெளிவு: கேட்போர் செவியில் கேரளத்து வீடு இங்கிலாந்துக்குக் குடிபெயர்கிறது. மதம் மறையாமல் ஊர் மாறுகிறது.

சல்மாவின் நாவலை லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் பெயர்த்தார். நூல் 2009இல் வெளிவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பு நள்ளிரவுக்குப் பிந்தைய பொழுது எனப் பொருள்படும். மூலத்தில் 'ஜாமங்கள்' பன்மை. இரவுதோறும் திரும்பி வருபவை, பெண் ஒவ்வொருத்திக்கும் உரியவை. பெயர்ப்பில் பொழுது ஒருமையாகிறது. இரவை நான்காகப் பகுக்கும் கணக்கில் இரண்டாம் ஜாமம் நள்ளிரவோடு முடிவது என்பதும் கருதத்தக்கது. ஆயினும் அயற்சொல்லை நிறுத்தி வியப்பூட்டாமல் எளிய சொல்லைத் தேர்ந்தது பாராட்டத்தக்கது. மூலத்தலைப்பிலும் அரபிச் சொல் இல்லை. 'ஜாமம்' எல்லா வீட்டு இரவுகளுக்கும் பொதுவானது. அப்பொதுமையை ஆங்கிலத் தலைப்பு காத்திருக்கிறது.

அருஞ்சொற்பட்டியல் பற்றியும் ஒரு கருத்து உண்டு. பட்டியலில் 'வாப்பா', 'மவுத்து' முதலியன இடம்பெறுகின்றன. 'தொழுகை', 'முறை' முதலியன இடம்பெறுவதில்லை. மூலமொழியினருக்கே அயலாகத் தோன்றுபவை மட்டும் விளக்கம் பெறுவதால், பட்டியலே வாசகருக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறது: இம்மக்களின் மொழி வேறு. பேசப்படுவது தமிழே என்பதைச் சொல்லப் பட்டியலில் இடமில்லை.

6. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. உறவுமுறைச் சொல்லைப் பெயர்க்குமுன் அவ்வூரின் உறவுமுறை அட்டவணையை வகுத்துக்கொள்வது இன்றியமையாதது. வடிவில் பொதுவான சொற்களையே முதலில் ஐயுறவேண்டும். மூலத்தில் தமிழ்ச்சொல் நிற்கும் இடத்தில் பெறுமொழியிலும் வீட்டுச்சொல்லே நிற்கவேண்டும்; தொழுகையை ஆங்கிலத்தில் நமாஸ் ஆக்குவது பெயர்ப்பன்று, இடமாற்றம். இந்தியில் நமாஸ் என்பதே வீட்டுச்சொல், மலையாளத்தில் நிஸ்காரம். அங்கு அவை பொருந்தும். மூன்றாவதாக, வீட்டுப்பேச்சுக்கும் ஜமாத்து அறிவிப்புக்கும் உள்ள நடைவேறுபாடு எவ்வகையிலேனும் காக்கப்படவேண்டும்.

சிறுபான்மையினரின் இலக்கியத்தைப் பெயர்ப்பவர் அவர்களின் வேற்றுமையை விளக்கவே அழைக்கப்பட்டவராகத் தம்மைக் கருதிக்கொள்வது எளிது. மீரானும் சல்மாவும் எழுதியது வேற்றுமையின் விளக்கவுரை அன்று. தம் ஊர் மீது தொடுத்த வழக்கு. வழக்கில் ஊரின் பெயர் விடுபட்டால் தீர்ப்பு வேறு யார் மீதோ விழும்.