விடுவதும் தடுப்பதும்

வீட்டு வாசல்களில் தொங்கும் ‘டு லெட்’ அட்டையை ஆங்கிலம் தெரியாதவர்களும் படித்துவிடுகிறார்கள். ‘லெட்’ என்கிற வினையை நானும் வெகுகாலம் அந்த அட்டையைப் படிப்பதுபோலத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஹாம்லெட்டின் முதல் அங்கம், நாலாவது காட்சியில் அது என்னை நிறுத்தியது. தந்தையின் ஆவி தனியே வரும்படி அழைக்கிறது. ஹொரேஷியோவும் மார்ஸெல்லஸும் ஹாம்லெட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். தன்னை ‘லெட்’ செய்பவனைக் கொன்றுவிடுவதாக அவன் மிரட்டுகிறான். அனுமதிப்பவனை எதற்குக் கொல்லவேண்டும்? அவனுடைய சித்தக் கலக்கத்துக்கு இது அத்தாட்சி என்று ஒரு குறிப்புக்கூட எழுதிவைத்திருந்தேன். அச்சேறாமல் போனது என் அதிர்ஷ்டம்.

அங்கே இருப்பது வேறு வினை. பழைய ஆங்கிலத்தில் ‘லேட்டன்’ என்று ஒன்று, விட்டுவிடுதல், அனுமதித்தல். ஜெர்மன் மொழியின் ‘லாஸன்’ இதன் உறவு. ‘லெட்டன்’ என்று இன்னொன்று, தாமதப்படுத்துதல், தடுத்தல். நாம் தினமும் சொல்கிற ‘லேட்’ இந்தக் குடும்பம். உச்சரிப்பு தேய்ந்து இரண்டும் ஒரே சப்தமாகிவிட்டன. ஷேக்ஸ்பியரிலும் 1611-ன் ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் இரண்டுமே புழங்குகின்றன. பின்னால் தடுக்கிற ‘லெட்’ செத்துப்போயிற்று. வலையை உரசிக்கொண்டு விழும் டென்னிஸ் ஸர்வீஸிலும் சட்ட பாஷையிலும் அதன் மிச்சம் இருக்கிறது. நம் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில், ஜனாதிபதியின் பெயரால், இவரைத் தங்குதடையின்றிப் போகவிடுங்கள் என்று ஒரு கோரிக்கை உண்டு. அதில் வரும் ‘லெட்’ தடைதான். அனுமதி என்று படித்தால் கோரிக்கையே தலைகீழாகும்.

இன்னும் பின்னே போனால் இரண்டும் ஒரே வேரில் சேர்கின்றன: தளர்தல், அயர்தல். தளர்ந்தவன் கையில் இருப்பதை நழுவவிடுகிறான். தளர்ந்தவன் பின்தங்கவும் செய்கிறான். வேர்தான் நிஜமான அர்த்தம் என்று கொண்டாடும் பழக்கம் நம் பண்டிதர்களுக்கு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஹாம்லெட்டின் மிரட்டலில் தளர்ச்சி ஏது?

ஆனால் எலியட் விஷயம் வேறு என்று படுகிறது. 1915-ல் சிகாகோவின் ‘பொயட்ரி’ இதழில் வெளியான ப்ரூஃப்ராக்கின் காதல் பாட்டு இந்த வினையில்தான் தொடங்குகிறது. முதல் பத்திக்குள் மூன்று தடவை அதே அழைப்பு. இதை நான் தமிழில் செய்துபார்த்தபோது ‘போவோம்’ என்று ஆரம்பித்தேன். இலக்கணப்படி சரி. கவிதை போய்விட்டது. ‘போவோம்’ என்பது தீர்மானித்துவிட்டவனின் வார்த்தை, ஊர்வலத்துக்குக் கிளம்புகிறவன் சொல்வது. ப்ரூஃப்ராக் கடைசிவரை எதையுமே தீர்மானிப்பதில்லை. ‘போகலாம்’ என்று மாற்றினேன். நம்முடைய இந்த ‘லாம்’ விசித்திரமானது. ‘நீ போகலாம்’ என்றால் அனுமதி. ‘நாம் போகலாம்’ என்றால் அழைப்பு. ஆங்கிலத்தில் ‘லெட்’ செய்கிற வேலையேதான். அதோடு, ‘அப்புறம் போகலாம்’ என்று ஒத்திப்போடுகிறவனின் குரலும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செத்துப்போன ‘லெட்’டின் தாமதம், எலியட் நினைத்தாரோ இல்லையோ, தமிழில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேர் எதையும் நிரூபிக்கவில்லை. காதைக் கொஞ்சம் தீட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

இதைச் சூத்திரமாக்கிவிட முடியாது. ஆதியாகமத்தில் வெளிச்சம் பிறக்கும் இடத்திலும் ஆங்கிலத்தில் இதே வினைதான். மூல ஹீப்ருவில் ஒற்றை வினைச்சொல் முடித்துவிடுவதை ஆங்கிலம் ‘லெட்’ போட்டுச் சொல்கிறது. கடவுள் ஏதோ வெளிச்சத்துக்கு அனுமதி தருவதுபோல் ஒரு நிழல் விழுகிறது. தமிழ் பைபிள்காரர்கள் ‘கடவது’ என்ற ஈற்றை வைத்தார்கள். அங்கே ‘லாம்’ போட்டால் சிரிப்புத்தான் வரும்.

ப்ரூஃப்ராக்கில் மூடுபனி வரும்போது, அதன் முதுகில் கரி விழும் இடத்தில், மறுபடி இந்த வினை. ‘விழவிட்டது’ என்றால் பனி வேண்டுமென்றே செய்ததாகிறது. ‘விழுந்தது’ என்றால் பனிக்கு அதில் சம்பந்தமே இல்லை. என் நோட்டில் அந்த வரி இன்னும் காலியாகவே கிடக்கிறது.