கணினி ‘தவறு’ என்று சொன்னால் போதுமா?

கணினிவழிக் கற்பித்தல் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ எனும் கணினிவழிக் கற்பித்தல் முறை 1960-இலேயே தொடங்கிவிட்டது. இருந்தும், அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பதை நாம் இன்னும் சரியாக எடைபோடவில்லை. நமக்குத் தொடர்பில்லாத ஒரு துறையை வைத்துப் பார்ப்போமே.

பார்வைப் பரிசோதனை பயிலும் ஆப்டோமெட்ரி மாணவர்கள் ரெட்டினோஸ்கோப் கருவியால் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சுவார்கள். கண்மணியில் தெரியும் ஒளி, கருவி நகரும் திசையிலேயே நகர்ந்தால் பிளஸ் வில்லை. எதிர்த்திசையில் நகர்ந்தால் மைனஸ் வில்லை. அசைவு நிற்கும்வரை வில்லையை மாற்ற வேண்டும். இதைக் கணினித் திரையில் பாவனையாகச் செய்து பார்க்கலாம். நூறு முறை தவறினாலும் யாருக்கும் கண் வலிக்காது! இது பெரிய நன்மை.

குறை எங்கே? 67 செ.மீ. தூரத்திலிருந்து சோதிக்கும் மாணவர், கிடைத்த அளவிலிருந்து 1.50 டையாப்டர் கழிக்க வேண்டும். +3.50-இல் அசைவு நின்றால் விடை +2.00. ஒருவர் கழிக்க மறந்து +3.50 என்றே எழுதிவிடுகிறார். அந்தக் கண்ணாடியைப் போட்டால் தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கலாகத்தான் தெரியும். வெறும் ‘தவறு’ என்று காட்டும் மென்பொருள் அவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது? அடுத்த முறை வேறு எண்ணை ஊகிப்பார், அவ்வளவுதான். ‘தூரத்தைக் கழித்தீர்களா?’ என்று கேட்கும் மென்பொருளே ஆசிரியர் வேலையைச் செய்கிறது.

நம் வகுப்புக்கு வருவோம். ‘படித்துக் காட்டினான்’ சரி என்று படித்த மாணவர், ‘செய்துக் காட்டினான்’ என்றும் எழுதுகிறார். இது கவனக்குறைவு இல்லீங்க. பாதி விதி தெரிந்ததால் வந்த பிழை. ‘படித்து’ வன்தொடர்க் குற்றியலுகரம், வல்லினம் மிகும். ‘செய்து’ இடைத்தொடர், மிகாது. நாம் தயாரிக்கும் இணையப் புதிர்களில் சிவப்புக் குறி மட்டும் வந்தால், இந்த வேறுபாடு மாணவருக்கு எப்படிப் புரியும்?

ஆகவே, புதிர் தயாரிக்கும்போது ஒவ்வொரு தவறான விடைக்கும் நம்மையே கேட்டுக்கொள்வோம்: மாணவர் என்ன நினைத்து இதைத் தேர்ந்தெடுத்திருப்பார்? அதற்கு ஒரு வரி பதில் எழுதிவிடுவோம். நேரம் பிடிக்கும்தான். ஆனால் அந்த ஒரு வரியில்தான் பாடம் இருக்கிறது. தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, நீங்களும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்.