வெட்டுண்ட சொல்லும் புதுப்பொருளும்

செருமானியக் கலைஞர் கூர்ட் சுவிட்டர்சு (1887–1948), எறியப்பட்ட விளம்பரத் தாள்களை ஒட்டிப் படம் சமைத்தவர். வங்கி விளம்பரம் ஒன்றிலிருந்த, வணிகம் எனப் பொருள்படும் ‘கொம்மெர்சு’ என்னும் சொல்லை அவர் வெட்ட, ‘மெர்சு’ எஞ்சியது. 1919-இல் அதனையே தம் கலைக்குப் பெயராக்கினார்.

இதனை முதற்குறை எனலாமோ? ‘தாமரை’ என்பது ‘மரை’ எனக் குறைந்துழியும் பொருள் குறையாது. ‘மெர்சு’ என்பதிலோ வணிகப்பொருள் எஞ்சவில்லை. ஆகவே, இது வெட்டிற் பிறந்த புதுச்சொல் என்பதே எம் துணிபு. 1924-இல் விளம்பர நிலையம் ஒன்றனை அவரே தொடங்கினமையின், இக்கலையை வணிகத்தின்மீது தொடுத்த வசையெனக் கொள்வாரோடு யாம் உடன்படோம்.

அச்சொல் ஒட்டப்பெற்ற படத்தை நாட்சி அரசு 1937-இல் ‘சீரழிந்த கலை’ எனக் காட்சிக்கு வைத்து எள்ளியது. பின்னர் அது காணாமற்போயிற்று. எனினும், அப்பெயர் கலைவரலாற்றில் நிலைபெற்றுள்ளது.