'ரோஜா'வைக் கேட்ட செவிகள்

1992ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். அன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவும் நாட்டின் விடுதலை நாளும் ஒருங்கே கூடிய அந்நாளில்தான் மணிரத்னத்தின் 'ரோஜா' திரைக்கு வந்தது. அதன் பாடல்களோ படத்தை முந்திக்கொண்டு அரியாங்குப்பத்தை அடைந்திருந்தன. கடலூர்ச் சாலையின் தேநீர்க் கடைகளிலும், திருமண வீடுகளிலும், கேசட் பதிவு செய்து தரும் கடைகளிலும் அவை ஒலித்தன. அப்பாடல்களைக் குறித்து அன்று நம்மிடையே எழுந்த வாக்குவாதம் இன்றும் நினைவில் நிழலாடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னர் அதனை மீண்டும் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அவ்வாக்குவாதத்தில் நாம் நின்ற பக்கம் தவறானது.

இசையமைத்தவர் அன்று இருபத்தைந்து வயது இளைஞர். மலையாளத் திரையிசையில் உழைத்து இளமையிலேயே மறைந்த ஆர்.கே. சேகரின் மைந்தர். விளம்பரங்களுக்கு இசையமைத்து வந்தவர். கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டவர். 'தளபதி' வரை இளையராஜாவோடு பணியாற்றிய மணிரத்னம், அடுத்த படத்தை இந்தப் புதியவரிடம் ஒப்படைத்தார் என்ற செய்தியே பலருக்குக் கசப்பாயிருந்தது. நமக்கும்தான். ஏ.ஆர். ரகுமான் என்னும் பெயரைக் கேட்குமுன்னரே தீர்ப்பை எழுதி வைத்துவிட்டோம் எனலாம்.

"இது பாட்டல்ல, இயந்திரத்தின் இரைச்சல், ஆறு மாதம் தாங்காது" என்றனர் பெரியவர்கள். "இதுவரை யாரும் கேளாத ஒலி" என்றனர் இளைஞர்கள். வியப்பு என்னவெனில், 1992இல் முகம் சுளித்த இதே பெரியவர்கள்தாம் 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது இளைஞர்களாய் இருந்து அதனைத் தலைமேல் தூக்கிக் கொண்டாடியவர்கள். தியாகராஜ பாகவதரிலும் விசுவநாதனிலும் திளைத்திருந்த அவர்களுடைய தந்தையர் அன்று உதட்டைப் பிதுக்கினர். அதனை மகன்மார் மறந்துபோயினர்.

ஆயினும் தலைமுறை வேறுபாடு ஒன்றே இவ்வாக்குவாதத்துக்குக் காரணம் என்று கொள்வது முழு உண்மையாகாது. யார் எந்தக் கருவியில் கேட்டார் என்பதை அன்று ஒருவரும் கருதிப் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கு இப்பாடல்கள் தென்னை மரத்தில் மைக் செட்காரர் கட்டிய 'குழாய்' வழியாக வந்தன. அந்தக் கூம்பு ஒலிபெருக்கி குரலைக் கூர்மையாய் நெடுந்தொலைவு கொண்டு செல்லும். ஆனால் தாழ்ந்த ஒலிகளை ஏறத்தாழ முற்றிலும் விழுங்கிவிடும். குரலை முன்னிறுத்திப் பதிவான பழைய பாடல்களுக்கு அது ஏற்ற வாகனம். ரகுமானின் பாடல்களிலோ பேஸ் எனப்படும் அடியொலியே அடித்தளம். அது நீங்கிவிட்டால் எஞ்சுவது தகரத்தைத் தட்டுவது போன்ற மேலொலி மட்டுமே. இளைஞர்கள் அதே பாடல்களை டூ-இன்-ஒன் பெட்டியில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே அமர்ந்து கேட்டனர்; வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த வாக்மன் உடையவர் காதிலேயே மாட்டிக்கொண்டார். இடப்புறம் ஒரு தாளம் எழ, வலப்புறம் ஒரு குழல் விடையிறுக்க, நடுவில் குரல் நின்றது. ஆக, ஒரே பாடலைப் பற்றிச் சண்டையிட்ட இருவரும் உண்மையில் வெவ்வேறு பாடல்களைக் கேட்டிருந்தனர். இதனை நாம் உணர்ந்தது மிகவும் பிந்தி, ஒரு நண்பர் வீட்டில் நல்ல பெட்டியொன்றில் 'புது வெள்ளை மழை'யைக் கேட்க நேர்ந்தபோது. அதன் பெண்குரல் கூட்டொலியைத் தெருவில் நாம் ஒருநாளும் கேட்டிருக்கவில்லை.

புதுமை என்று கொண்டாடியவர்களும் சரியாகக் கேட்கவில்லை என்பதே நம் எண்ணம். 'சின்னச் சின்ன ஆசை'யின் அடியில் ஓடும் தாளத்தில் ஜமைக்கா நாட்டு ரெகேயின் சாயல் இருப்பது மெய்யே. ஆனால் அதன் மெட்டு எத்தகையது? சிறு சிறு அடிகள். ஒன்றன்பின் ஒன்றாய் ஆசைகளை அடுக்கிச் செல்லும் முறை. மூச்சு வாங்காமல் எந்தச் சிறுமியும் பாடிவிடக்கூடிய சுர எல்லை. நம் தெருக்களில் பெண்பிள்ளைகள் கைகோத்து ஆடும் விளையாட்டுப் பாட்டின் அமைப்பு அது. 'ருக்குமணி' இன்னும் பழமையானது. ஒருவர் கேட்க, மகளிர் கூட்டம் திரும்பச் சொல்ல, மணமக்களைச் சீண்டும் நலங்குப் பாட்டின் உருவம் அப்படியே இருக்கிறது. கீழே ஓடும் இசை மட்டுமே மின்கருவியினுடையது. தொன்மையான வீட்டுக்குப் புதிய விளக்குப் போட்டாற்போல் இவர் செய்திருந்தார். விளக்கைக் கண்டு சிலர் மகிழ்ந்தனர், சிலர் கண்ணை மூடிக்கொண்டனர். வீட்டைப் பார்த்தவர் சிலரே. குழாய் ஒலிபெருக்கி அடியொலியை விழுங்கிய பின்னும் சின்னஞ்சிறார் அப்பாடலை முணுமுணுத்துத் திரிந்தனர் என்றால், அவர்களைப் பற்றியது மெட்டேயன்றி வேறென்ன?

எல்லாவற்றையும் இன்று ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பதற்கில்லை. 'தமிழா தமிழா'வில் அரிகரனின் குரலைத் தவிர நமக்குப் பிடித்தது ஏதுமில்லை. அது பாடலைக் காட்டிலும் முழக்கத்துக்கே நெருக்கமானது. 'ருக்குமணி'யின் சொற்களைக் குறித்து அன்று நம் தாய்மார் எழுப்பிய கண்டனத்தையும் முற்றிலும் தள்ளிவிட இயலாது. (அவர்களே தம் வீட்டு நலங்கில் அதனினும் துணிந்து பாடியவர்கள் என்பது வேறு செய்தி.) இவற்றினும் கனமான மனக்குறை ஒன்றுண்டு. மின்னிசைக் கருவி ஒன்றே பல வயலின்களின் வேலையைச் செய்யத் தொடங்கியதும், சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் நாளெல்லாம் வாசித்து வாழ்ந்த கலைஞர் பலருக்குப் பிழைப்புச் சுருங்கிற்று. இதனை ஒருவர் மேல் மட்டும் சுமத்துவது நீதியன்று. என்றாலும் "இயந்திரம்" என்று சினந்த பெரியவரின் சொல்லில் அந்த அச்சமும் கலந்திருந்ததை நாம் மறுப்பதற்கில்லை.

இவ்வளவும் பாட்டோடு நின்றிருந்தால் இத்துணை எழுதியிருக்கமாட்டோம். அக்காலத்தில் நாம் சார்ந்திருந்த பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசித்த இளைஞர் ஒருவர், கீபோர்டு ஒன்று வாங்க வேண்டும் என்று கேட்டார். "ஆலயத்துக்குள் ரோஜாப் பாட்டு வேண்டாம்" என்று நாம்தான் முதலில் சொன்னோம். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் மறுமொழி கூறவில்லை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வரை வாசித்துவிட்டு விலகிக்கொண்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் இலத்தீன் பாடல்கள் போய்த் தமிழும் தபேலாவும் பீடத்தருகே வந்தபோது, "இது என்ன கச்சேரியா?" என்று முதியோர் கேட்டதையும், அவர்களை நாம் பழமைவாதிகள் என்று எள்ளியதையும் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் நினைவுபடுத்தவில்லை. நமக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

நாட்டின் பெரிய மேடையிலும் செவிகள் இரண்டுபட்டே நின்றன. அவ்வாண்டின் தேசிய விருதுக்கு இளையராஜாவின் 'தேவர் மகன்' ஒருபுறமும் 'ரோஜா' மறுபுறமும் சம வாக்குகள் பெற, நடுவர் குழுத் தலைவராயிருந்த பாலு மகேந்திரா தம் வாக்கை இளைஞருக்கு அளித்தார். இப்பாடல்களை எழுதிய வைரமுத்துவும் விருது பெற்றார். 2005இல் அமெரிக்காவின் 'டைம்' இதழின் திறனாய்வாளர் ரிச்சர்டு கார்லிஸ், உலகின் தலைசிறந்த பத்துத் திரையிசைத் தொகுப்புகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்தார். ஆறு மாதக் கணக்கு எங்கோ பிழைத்துவிட்டது.

அண்மையில் பாடற்குழுப் பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் 'சின்னச் சின்ன ஆசை'யைக் கீபோர்டில் வாசித்துக்கொண்டிருந்தனர். இதனைப் பாடியவர் யார் தெரியுமா என்று கேட்டோம். "சித்ரா அம்மா" என்றாள் ஒருத்தி. "சுஜாதாங்க ஐயா" என்றான் மற்றொருவன். மின்மினி என்று சொன்னோம். அப்பாடலுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே குரல் பாதிக்கப்பட்டு நெடுங்காலம் திரைப்பாடலிலிருந்து விலகி நின்றவர் அவர் என்றதும் பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பையன் மீண்டும் முதலிலிருந்து வாசித்தான், இம்முறை தாளப்பெட்டியை நிறுத்திவிட்டு.